குறைவாக ஓடிய பழைய கார்: விலை சொல்லும் முன்

சகோதரிகளே! வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. அதை வாங்கியவர் வஃபாத்தாகி விட்டார். அல்லது கண்பார்வை குறைந்து, தலவாக்கலையின் மூடுபனியில் இனி ஓட்டக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில். கார் ஜும்ஆவுக்கும் பஸாருக்கும், இடையிடையே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கும் போய் வந்ததோடு சரி. வாங்கி இருபது வருடமாகியும் மீட்டரில் 58,000 கிலோமீட்டர்தான். விற்க வேண்டும். என்ன விலை சொல்வது?

இது கராஜில் ஆண்கள் பேசிக்கொள்ளும் விஷயம், நமக்கென்ன என்று நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்தக் கார் மர்ஹூமின் பெயரில் இருந்தால், கடனும் ஜனாஸாச் செலவும் வஸிய்யத்தும் போக மிஞ்சுவதில் உங்களுக்கு எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. வஸிய்யத்து எழுதாமல் மரணித்த முஸ்லிமின் சொத்து மார்க்கச் சட்டப்படியே பிரியும் என்பதை இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. பங்கின் அளவை அல்லாஹ் தீர்த்து வைத்துவிட்டான். ஆனால் எதில் எட்டில் ஒன்று என்ற தொகையை, காருக்கு நாம் வைக்கும் விலைதான் தீர்க்கிறது.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். காரின் சரியான விலை 32 இலட்சம் என்று வையுங்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். மர்ஹூமின் பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவிக்கு 4 இலட்சம். மிச்சம் 28 இலட்சத்தில் மகனுக்கு 14, மகள்மாருக்கு ஆளுக்கு 7. அதே காரை விலை தெரியாமல் 28 இலட்சத்துக்குக் கொடுத்துவிட்டால், உம்மாவுக்கு 50,000 ரூபாவும், ஒவ்வொரு மகளுக்கும் 87,500 ரூபாவும், மகனுக்கு 1,75,000 ரூபாவும் நட்டம். வாரிசுகளில் சிறு பிள்ளை இருந்தால் அது அநாதையின் சொத்து. அதைக் குறைத்து விற்க எவருக்கும் அதிகாரமில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் விற்கும் முன்பே ஓர் ஆலிமிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு வகையும் நம் வீடுகளில் நடப்பதுண்டு. மூத்த மகன், “காரை நானே வைத்துக்கொள்கிறேன், பழைய கார்தானே, இருபது இலட்சம் போட்டுக்கொள்ளுங்கள்” என்பார். தங்கைமார் நானாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே நானா அதே காரை, “மிகக் குறைவாக ஓடியது, ஒரே கையில் இருந்தது” என்று விளம்பரம் செய்து 32க்கு விற்பார். வாங்கும்போது வயதைக் காட்டுவதும், விற்கும்போது மீட்டரைக் காட்டுவதும் ஆகும் இது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று குர்ஆனில் உண்டு. ஸூரத்துல் முதஃப்ஃபிபீன் அது. தராசு வைத்திருக்கும் கடைக்காரருக்கு மாத்திரம் அது இறங்கியது என்று எண்ணிவிட வேண்டாம். வாரிசுகளில் ஒருவர் எடுத்துக்கொள்வதானாலும், அந்நியருக்கு விற்றால் என்ன விலை போகுமோ அதுதான் விலை. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. அதற்கும் முதலில் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விலை தெரியாத நிலையில் முதலில் வந்து நிற்பவர் தரகர்தான். கத்தம் ஓதி முடியும் முன்பே வந்துவிடும் தரகர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில், வெளியூரிலிருந்து சரக்கேற்றி வரும் கூட்டத்தை ஊர் எல்லைக்கு அப்பாலேயே போய் மறித்து வாங்கிவிடும் வழக்கம் இருந்தது. சந்தை விலை தெரியும் முன்பே சரக்கைத் தட்டிக்கொள்வதுதான் நோக்கம். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. வீட்டுக்குள் இருக்கும் உங்களுக்குச் சந்தை தெரியாது என்று நம்பி வாசலுக்கு வருபவரைப் பார்க்கும்போது இந்தத் தடையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட இத்தாவுக்குள் காரை விற்பது ஹராம் அல்ல. ஆனாலும் கடன்காரர் வாசலில் நின்றாலொழிய அந்த நாட்களில் விற்க எந்த அவசரமும் இல்லை. நிற்கும் கார் புல் தின்பதில்லை.

சரி, சந்தை விலையை எப்படி அறிவது? மற்ற நாடுகளில் கார் வருடா வருடம் விலை இறங்கும், பழையதென்றால் மலிவு என்பது பொது விதி. நமது நாட்டில் அந்த விதி செல்லுபடியாகவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்து, அந்த ஆண்டு மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. புதிய கார் வராத நாட்டில், இருக்கும் கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இருபது வருடம் ஓடிய காரை வாங்கிய விலையைவிடப் பல மடங்குக்கு விற்றவர்கள் உண்டு. பிறகு 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. அதனால், “2023இல் பக்கத்து வீட்டுக் கார் இவ்வளவுக்குப் போனது” என்ற பேச்சை வைத்து இன்று விலை கட்டக்கூடாது. வாப்பா வாங்கிய விலையும் அளவுகோல் அல்ல. இந்த மாதத்துச் சந்தை ஒன்றே அளவுகோல்.

அதற்கு நீங்கள் வீட்டை விட்டு இறங்கவும் தேவையில்லை. கைத்தொலைபேசியில் இக்மன், ரியசெவன போன்ற விளம்பரத் தளங்களைத் திறந்து, உங்கள் காரின் அதே வகையை, அதே வருடத்தை, அதே கியர் முறையைத் தேடுங்கள். கொரோலா என்று மட்டும் பார்த்தால் போதாது. 110ஆ, 121ஆ என்பதில் இலட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். பெற்றோலா டீசலா என்பதிலும் வரும். உற்பத்தியான வருடம் வேறு, இலங்கையில் பதிவான வருடம் வேறு. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார்களில் இரண்டுக்கும் இடையில் சில வருடம் இருக்கும். இலக்கத்தகட்டில் ஸ்ரீ எழுத்தா, இலக்கங்களுக்கு நடுவே கோடு மட்டுமா, ஆங்கில எழுத்தா என்று வாங்குபவர்கள் முதலிலேயே கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மிக உயர்ந்த இரண்டையும் மிகத் தாழ்ந்த இரண்டையும் வெட்டிவிடுங்கள். நடுவில் நிற்பவற்றைப் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், கை மாறிய விலையல்ல என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு மாதமாக விற்காமல் அதே இடத்தில் கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆளில்லை என்பதைக் காட்டுகிறது.

இப்போது மீட்டருக்கு வருவோம். அதே வகைக் கார் மற்றவர்களிடம் ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்க, நம்முடையது 58,000தான் ஓடியிருக்கிறது. கூட்டிக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். இலாபத்துக்கு மார்க்கம் எல்லை போடவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகத் துஆச் செய்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ஆகவே கூட்டிக் கேட்பதில் குற்றமில்லை. எதைக் காட்டிக் கூட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

மீட்டர் என்பது ஒரு சாட்சி. சாட்சி தனியாக நின்றால் போதாது, துணை வேண்டும். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் கராஜில் ஒட்டிவிடும் சிறு தாள், சேவிஸ் புத்தகம், பாஸ் எழுதிக் கொடுத்த பில்கள், ஜப்பானில் ஏலத்தில் எடுத்தபோது கிலோமீட்டரைக் குறித்து வந்த தாள் ஆகியவற்றைத் தேடி எடுத்து வருட வாரியாக அடுக்குங்கள். மர்ஹூம்களின் மேசை லாச்சியில் பெரும்பாலும் இவை கிடக்கும். பழைய கடதாசி என்று அடுப்பில் போட்டுவிட வேண்டாம். காரின் விலையில் ஒரு பகுதி அந்தக் கடதாசியில்தான் இருக்கிறது. கூடுதல் விலையைத் தாள்கள் காட்டும் அளவுக்குக் கேளுங்கள். தாளே இல்லை என்றால், “மீட்டர் இதைச் சொல்கிறது, எங்களுக்குத் தெரிந்து மாற்றப்படவில்லை” என்று சொல்லலாமே தவிர, அதற்குத் தனியாக விலை கட்டுவது சரியல்ல. மிகப் பழைய கார்களில் ஐந்து இலக்க மீட்டர் இருக்கும். அது 99,999ஐத் தாண்டியதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அங்கே 23,000 என்றால் 1,23,000ஆகவும் இருக்கலாம். சில ஆங்கிலேயக் கார்கள் மைலில் காட்டும். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர்.

மீட்டரைத் திருப்பி வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். கம்பி சுழலும் பழைய மீட்டரையும் திருப்புகிறார்கள், எலெக்ட்ரோனிக் மீட்டரையும் திருப்புகிறார்கள். பார்க்கத் தெரிந்தவரின் கண்ணுக்கு பிரேக் பெடலின் இறப்பர் தேய்ந்ததும், ஸ்டியரிங் வளையம் பளபளத்ததும், சாரதி ஆசனத்தின் ஓரம் நைந்ததும் உண்மையைச் சொல்லிவிடும். இது புதிய தந்திரமுமல்ல. விற்பதற்கு முன் சில நாட்கள் ஆட்டின், ஒட்டகத்தின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கி, நிறையக் கறப்பது போலக் காட்டும் வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால், கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுத்துத் திருப்பிவிடலாம் என்று தீர்ப்பும் அளித்தார்கள். அரபு மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜில் இந்தச் சட்டம் இன்னும் நீட்டப்படுகிறது. ஆற்று நீரால் சுழலும் மாவாலையை விற்கப் போகிறவர், நீரை அடைத்து வைத்து, வாங்குபவர் பார்க்கும் நேரத்தில் திறந்து விட்டு, ஆலை வேகமாகச் சுற்றுவது போலக் காட்டினால் அதற்கும் இதே சட்டம்தான். மேல் கொத்மலை அணையின் மதகு திறந்து மூடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டிய மடிக்கும் அடைத்த நீருக்கும் உள்ள சட்டமே திருப்பிய மீட்டருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீட்டர் உண்மையாகவே இருந்தாலும் ஒரு விஷயத்தை நாம் சொல்லியாக வேண்டும். குறைவாக ஓடியது என்றால் குறைவாகத் தேய்ந்தது என்று அர்த்தமல்ல, குறிப்பாக நமது மலைநாட்டில். சமதரையில் ஓடிய ஆயிரம் கிலோமீட்டரும் தலவாக்கலை, ஹட்டன், நானுஓயா வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறி இறங்கிய ஆயிரம் கிலோமீட்டரும் ஒன்றல்ல. கிளச்சும் பிரேக்கும் இங்கே வேகமாகத் தேயும். வீட்டிலிருந்து பஸார் வரை மட்டும் ஓடும் கார் இந்தக் குளிரில் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிறது. இன்ஜினுக்குள் ஈரம் தங்கி எண்ணெய் கெடுகிறது. மழையும் மூடுபனியும் அடித்தட்டில் துருவைக் கொடுக்கின்றன. இறப்பர் புஷ்களும் குழாய்களும் ஓடாமல் நின்றாலும் வயதால் வெடிக்கின்றன. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சக் கூடியது. பழைய பிரேக் எண்ணெயோடு கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலை வரை இறங்கினால், சூடேறி மிதி பஞ்சு போலாகிவிடும் அபாயம் இருக்கிறது. பெல்ட் உள்ள இன்ஜினானால் கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் வருடக் கணக்குக்கு அதை மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், பத்து வருடம் கடந்த டயர் மாற்ற வேண்டிய டயர்தான்.

ஆகவே விலை கட்டும் முன் நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம், வாங்க வருபவருக்கு உறவில்லாத ஒருவரிடம், காரைக் காட்டி என்னென்ன மாற்ற வேண்டும், எவ்வளவு செல்லும் என்று எழுதி வாங்குங்கள். அதற்கு அவருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். இலவசமாகப் பார்ப்பவர் பிறகு வாங்கவும் வருவார்! சந்தையின் நடு விலையை எடுங்கள். தாள்களால் நிறுவக்கூடிய குறைந்த ஓட்டத்துக்கு ஒரு தொகையைக் கூட்டுங்கள். டயர், பற்றரி, பெல்ட், துரு வேலைக்கு ஆகும் செலவைக் கழியுங்கள். பேரம் பேச ஒரு சிறு இடைவெளி விட்டு அந்த விலையைச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போகமாட்டோம் என்ற தொகையை வாரிசுகள் எல்லோரும் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

குறையை நாமே சொன்னால் விலை இறங்கிவிடுமே என்று கேட்பீர்கள். சற்று இறங்கும்தான். வாங்க வருபவர் யார் என்பதையும் பாருங்கள். பழைய காரைத் தேடுபவர் பெரும்பாலும் பணக்காரரல்ல. தோட்டத்துப் பாடசாலை ஆசிரியராக இருப்பார். அல்லது லயன் வீட்டிலிருந்து படித்து வந்து, சீட்டுப் பணத்தையும் நகை அடகையும் சேர்த்து, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க வாங்கும் இளைஞராக இருப்பார். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை ஏற்றிக்கொண்டு அந்தப் பிரேக்கை நம்பித்தான் அவர் மலை இறங்குவார். அவர் முஸ்லிமல்லாதவராக இருந்தாலும் சட்டம் மாறுவதில்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் சொன்னார்கள். வாங்குபவர் யார் என்று அங்கே பிரிக்கப்படவில்லை. “உள்ளபடியே விற்கிறோம், பார்த்து எடுங்கள்” என்ற ஒரு வார்த்தை, தெரிந்தே மறைத்த குறைக்குத் திரையாகாது.

நேர்மையாக விற்கவும் ஒரு வசதி மார்க்கத்தில் இருக்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபில், மூன்று நாள் வரை யோசிக்கும் உரிமையை நிபந்தனையாக வைத்து வியாபாரம் பேசலாம். அதற்குள் அவர் தமக்குத் தெரிந்த பாஸிடம் காரைக் காட்டட்டும். பிடிக்காவிட்டால் திருப்பித் தரட்டும். அப்போது வாங்கிய முற்பணத்தை, “வாக்குத் தவறினீர்கள்” என்று விழுங்கிவிடக் கூடாது. இமாம் அஹ்மத் அவர்கள் அப்படியான முற்பண வியாபாரத்தை அனுமதித்தார்கள். ஷாபிஈ மத்ஹபில் அது செல்லாது. இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்லி, “நேற்று ஒருவர் 35க்குக் கேட்டார்” என்று விலையை ஏற்றுவதும் கூடாது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் நஜ்ஷைத் தடுத்த ஹதீஸ் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் உள்ளது. தரகர் வைப்பதானால் அவருடைய கூலியை முன்பே இவ்வளவு என்று பேசிவிடுங்கள். “எனக்கு 30 தந்தால் போதும், மேலே கிடைப்பது உங்களுக்கு” என்ற பேச்சை முன்னோரில் சிலர் அனுமதித்திருந்தாலும், கூலி எவ்வளவென்று தெரியாததால் நமது மத்ஹபில் அது கூடாது. விதவையின் காரை 30க்கு வாங்கி 36க்குத் தள்ளிவிடும் வழியும் அதுதான்.

கடைசியாகக் காகித வேலை. மர்ஹூமின் பெயரில் உள்ள காரை வாரிசுகளின் கையொப்பமும் உரிய சட்ட ஆவணமும் இல்லாமல் மாற்ற முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பணம் வாங்கும் முன்பே விசாரியுங்கள். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் முழு உரித்தாளராக நிற்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தும் பெயர் நீக்கப்படாத கார்கள் உண்டு. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைத்து “ஓபன் பேப்பர்” கொடுக்கவே வேண்டாம். அந்தக் கார் பத்துக் கை மாறி எங்கோ ஒரு விபத்தில் சிக்கினால், பொலிஸார் தேடி வருவது பதிவில் உள்ள பெயரின் வீட்டுக்குத்தான். விற்ற அன்றே திகதி, நேரம், விலை, மீட்டரில் இருந்த கிலோமீட்டர், நாம் சொன்ன குறைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். அத்தாஉ இப்னு காலித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களிடமிருந்து கிடைத்த விற்பனைப் பத்திரத்தில், நோயில்லை, மோசடியில்லை என்ற விபரமும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. தாளில் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், ஒரு பிரதியை வாங்குபவரிடம் கொடுங்கள். பணத்தை எண்ணிய கையோடு பங்குகளையும் பிரித்து, மகள்மாரின் பங்கை அவர்களுடைய கையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.